எலும்பு மெலிந்தால் பல் கட்ட முடியாதா?

"உங்கள் தாடையில் எலும்பு போதாது. பல் பதிக்க முடியாது!"

பல் டாக்டரிடம் இப்படி ஒரு பதிலைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியவர்கள் பலர்.

போகும்போது ஆசையோடு போயிருப்பார்கள். கழற்றி மாட்டும் பல் செட்டு வேண்டாம். எலும்பில் ஊன்றி நிற்கும் பல் வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். அதற்காக மகனோ மகளோ பணம்கூடச் சேர்த்து வைத்திருப்பார்கள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வார். ஈறை விரலால் தடவிப் பார்ப்பார். "மெலிந்து போயிருக்கிறதே!" என்பார்.

அவ்வளவுதான். பலர் அதோடு அந்த எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். பழையபடி சோற்றைக் குழைத்துச் சாப்பிடுகிறார்கள். முறுக்கை உரலில் இடித்துத் தின்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்தி நடுவே வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. "எலும்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இன்றைக்கே ஆணியை ஏற்றிவிடலாம். நாளைக்கே கடலை தின்னலாம்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு பேச்சையும் கேட்ட உடனே நம்பிவிடக் கூடாது.

மெலிந்த தாடைக்கும் வழி இருக்கிறது. ஒரு வழி இல்லை, பல வழிகள்! ஆனால் யாருக்கு எந்த வழி என்பதை இரண்டு, மூன்று மில்லி மீட்டர் எலும்புதான் முடிவு செய்கிறது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம். பணமும் வீணாகாது.

வாய்க்குள் ஒரு வரப்பு

வயல் வரப்பைப் பார்த்திருப்பீர்கள். நம் தாடை எலும்பும் அப்படித்தான் இருக்கிறது. அந்த வரப்பின் மேல் வரிசையாகப் பற்கள் ஊன்றி நிற்கின்றன. ஒவ்வொரு பல்லின் வேருக்கும் உதட்டுப் பக்கம் ஒரு சுவர். நாக்குப் பக்கம் ஒரு சுவர். இரண்டும் எலும்புச் சுவர்கள்.

உதட்டுப் பக்கத்துச் சுவர் இருக்கிறதே, அது மிக மெல்லியது. மேல் வரிசை முன்பற்களில், பெரும்பாலோருக்கு அது 1 மில்லி மீட்டர் கனம்கூட இருப்பதில்லை.

அந்தச் சுவர் பல்லை நம்பியே வாழ்கிறது. பல்லின் வேரையும் எலும்பையும் மெல்லிய நார்கள் இணைக்கின்றன. அந்த நார்களின் நடுவே ஓடும் ரத்தக் குழாய்கள் எலும்புக்கும் உணவு கொடுக்கின்றன. மெல்லும் போதெல்லாம் வேர் எலும்பை அழுத்துகிறது. அந்த அழுத்தம் எலும்பை வலுவாக வைத்திருக்கிறது.

பல்லைப் பிடுங்கியதும் என்ன ஆகிறது? நார் போய்விடுகிறது. ரத்தம் குறைகிறது. அழுத்தமும் இல்லை. "இங்கே நமக்கு வேலை இல்லை" என்று உடம்பு அந்த எலும்பைக் கரைத்துவிடுகிறது! உதட்டுப் பக்கத்துச் சுவர்தான் முதலில் கரைகிறது. அதனால்தான் வரப்பின் உயரத்தைவிட அகலம் வேகமாகக் குறைகிறது.

எவ்வளவு வேகம் என்று கேட்பீர்கள். டென்மார்க் நாட்டில் 46 நோயாளிகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2003-ம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. பல் பிடுங்கிய இடத்தில், 12 மாதத்துக்குள் வரப்பின் அகலம் சுமார் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு, முதல் மூன்று மாதத்திலேயே ஏற்பட்டுவிட்டது!

"பல்லைப் பிடுங்கியாயிற்று. வலி போயிற்று. செயற்கைப் பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் சாவகாசமாக இருக்கிறோம். எலும்பு சாவகாசமாக இருப்பதில்லை.

எல்லாப் பற்களும் போய், பல் செட்டு மாட்டியிருப்பவர்களின் கதை இன்னும் மோசம். செட்டு எலும்பில் ஊன்றி நிற்பதில்லை. ஈறின் மேல் உட்காருகிறது. ஆண்டுக் கணக்காக மேலிருந்து அழுத்துகிறது. டால்கிரென் என்ற ஆராய்ச்சியாளர், பல் செட்டு அணிந்தவர்களின் தாடைகளை 25 ஆண்டு அளவுக்குத் தொடர்ந்து அளந்து, 1972-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். எலும்பு தேய்வது நிற்கவே இல்லை. மேல் தாடை தேய்வதைப்போல் சுமார் நான்கு மடங்கு கீழ்த் தாடை தேய்ந்திருந்தது!

பாட்டிமாரின் கீழ்ச் செட்டு ஏன் ஆடுகிறது, மேல் செட்டு ஏன் அவ்வளவு ஆடுவதில்லை என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் நாக்கு. பேசினாலும் மென்றாலும் நாக்கு கீழ்ச் செட்டைத் தூக்கிவிடுகிறது.

சிலருக்கு வரப்பு தேய்ந்து தேய்ந்து, உச்சி கத்தி முனைபோல் ஆகிவிடும். பல் டாக்டர்களும் அதற்கு "கத்தி முனை" என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு பென்சில், இரண்டு தீக்குச்சி

செயற்கை வேர் என்பது ஒரு சிறிய உலோகத் திருகு ஆணி. அதைத்தான் டாக்டர்கள் "இம்பிளான்ட்" என்கிறார்கள். எலும்பில் துளை போட்டு அதைத் திருகுகிறார்கள். எலும்பு அதைக் கவ்விக்கொண்ட பிறகு, அதன் தலையில் செயற்கைப் பல்லை மாட்டுகிறார்கள்.

வழக்கமான ஆணியின் கனம் சுமார் 4 மில்லி மீட்டர். அதன் இரு பக்கத்திலும் குறைந்தது 1 மில்லி மீட்டர் எலும்பாவது மிச்சம் இருக்கவேண்டும். உதட்டுப் பக்கத்தில் ஒன்றரை முதல் 2 மில்லி மீட்டர் இருந்தால் நல்லது. கூட்டிப் பாருங்கள். வரப்பின் அகலம் 6 அல்லது 7 மில்லி மீட்டர் வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் பென்சிலின் கனம் ஏறக்குறைய அதுதான்.

மெலிந்த வரப்பு 4 மில்லி மீட்டர்தான் இருக்கும். இரண்டு தீக்குச்சிகளை ஒட்டி வைத்த அகலம்! அதில் 4 மில்லி மீட்டர் ஆணியை ஏற்றினால் என்ன ஆகும்? ஒடுங்கிய வரப்பில் பெரிய முளையை அடித்த கதைதான். பக்கச் சுவர் வெடிக்கும். அல்லது, அன்றைக்கு நன்றாக இருந்துவிட்டுப் பிறகு கரையும். ஈறு கீழே இறங்கும். ஆணியின் மரை வெளியே தெரியும். அங்கே அழுக்கு சேரும். சீழ் பிடிக்கும். ஆணி ஆடும்.

"நாளைக்கே கடலை தின்னலாம்" என்ற பேச்சை அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

முயலின் காலில் ஒட்டிய உலோகம்

உலோகம் எலும்பில் ஒட்டிக்கொள்ளுமா? இதைக் கண்டுபிடித்தவர் பல் டாக்டரே அல்ல!

அவர் பெயர் பிரானெமார்க். சுவீடன் நாட்டுக்காரர். 1952-ம் ஆண்டில், லுண்ட் நகரத்தில், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக ஒரு முயலின் கால் எலும்பில், டைட்டானியம் என்ற உலோகத்தால் செய்த ஒரு சிறு கருவியைப் பொருத்தினார். அதன் வழியாக ரத்த ஓட்டத்தைப் பார்த்தார்.

ஆராய்ச்சி முடிந்தது. விலை உயர்ந்த கருவி. எடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம் என்று பார்த்தார். வரவில்லை! எலும்பு அந்த உலோகத்தை அந்நியப் பொருளாக நினைக்காமல், நெருங்கி வளர்ந்து கவ்விக்கொண்டுவிட்டது.

வேறொருவராக இருந்தால் எரிச்சலோடு அடுத்த முயலைத் தேடியிருப்பார். பிரானெமார்க், "இது ஏன்?" என்று நின்று யோசித்தார். அந்த யோசனை அவருடைய வாழ்நாள் வேலையாக மாறியது.

1965-ம் ஆண்டில், கோதென்பர்க் நகரத்தில், முதல் தடவையாக ஒரு மனிதனின் தாடையில் டைட்டானிய ஆணிகளைப் பதித்தார். அந்த நோயாளியின் பெயர் கோஸ்டா லார்சன். பிறவியிலேயே தாடை சரியாக அமையாதவர். சாப்பிடுவதும் பேசுவதும் அவருக்குத் துன்பமாக இருந்தன. அவர் வாயில் வைத்த ஆணிகள் எத்தனை நாள் நின்றன தெரியுமா? 2006-ம் ஆண்டில் அவர் இறக்கும் வரை! நாற்பது ஆண்டுகளுக்கு மேல்.

அப்படியும் பல் மருத்துவ உலகம் அவரை எளிதில் ஏற்கவில்லை. 1982-ம் ஆண்டில், கனடாவின் டொரண்டோ நகரத்தில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் மற்ற நாடுகள் திரும்பிப் பார்த்தன. பிரானெமார்க் 2014-ம் ஆண்டில் காலமானார்.

டைட்டானியம் என்றதும் ஏதோ தூர தேசத்துச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணல் இருக்கிறது அல்லவா? அதில் உள்ள இல்மனைட் என்ற தாதுவில் இருப்பது இதே உலோகம்தான்.

ஆனால், ஆணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஊன்ற எலும்பு வேண்டுமே! மெலிந்த வரப்புக்கு என்ன செய்வது என்று அந்தக் காலத்திலேயே பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நியூயார்க் பல் டாக்டர் லிங்கோ என்பவர், 1960-களின் கடைசியில் ஒரு தந்திரம் செய்தார். உருண்டை ஆணிக்குப் பதிலாக, கத்தி அலகுபோல் தட்டையான உலோகத் தகட்டைச் செய்தார். ஒடுங்கிய வரப்பில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் தகட்டை இறக்கினார். பலருக்கு அது ஆண்டுக் கணக்கில் நின்றது. ஆனால் பழுதாகிப்போனால், எடுக்கும்போது நிறைய எலும்பும் சேர்ந்து போயிற்று. ஏற்கெனவே எலும்பு இல்லாதவருக்கு இருந்ததும் போனால் எப்படி? அதனால் அந்த முறை பின்னுக்குப் போய்விட்டது.

எக்ஸ்ரே சொல்லாத செய்தி

இன்று என்ன செய்கிறார்கள்? முதல் வேலை, அளப்பது.

விரலால் தடவினால் போதாது. ஈறு தடிப்பாக இருந்தால், உள்ளே எலும்பு மெலிந்திருப்பது விரலுக்குத் தெரியாது. சாதாரண எக்ஸ்ரே படமும் போதாது. அது தட்டையான படம். எலும்பின் உயரத்தைச் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. சுவரை முன்னால் நின்று பார்த்தால், அது ஒரு செங்கல் சுவரா, இரண்டு செங்கல் சுவரா என்று தெரியாதல்லவா? அதைப்போல.

இதற்கென்று தாடையைச் சுற்றி வந்து படம் எடுக்கும் ஸ்கேன் இருக்கிறது. "சி.பி.சி.டி." என்று சொல்வார்கள். ரொட்டியைத் துண்டு போட்டதுபோல், தாடையைக் குறுக்காக நறுக்கிக் காட்டும். ஒவ்வோர் இடத்திலும் அகலம் எத்தனை மில்லி மீட்டர், நரம்பு எங்கே ஓடுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

நரம்பு முக்கியம். கீழ்த் தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கடைவாய்ப் பக்கம் ஆணி வைக்கும்போது அதில் பட்டுவிட்டால், கீழ் உதடும் முகவாயும் மரத்துப்போகலாம். சில பேருக்கு அது திரும்பாமலேயே போகலாம்.

இந்த ஸ்கேன் எடுக்காமல் "உனக்கு எலும்பே இல்லை" என்று சொன்னாலும் சரி, "தாராளமாக இருக்கிறது" என்று சொன்னாலும் சரி, "எத்தனை மில்லி மீட்டர், டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

மெல்லிய ஆணி

வரப்பு ஐந்து மில்லி மீட்டர் அளவுக்கு இருந்தால், எலும்பை வளர்க்காமலே சமாளிக்க இடம் உண்டு. ஆணியை மெலிதாக்கிவிடலாம்! 3 முதல் மூன்றரை மில்லி மீட்டர் கனமுள்ள ஆணிகள் கிடைக்கின்றன.

"அப்படியானால் எல்லோருக்கும் மெல்லிய ஆணியே வைக்கலாமே!" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 4 மில்லி மீட்டர் கம்பியை 3 மில்லி மீட்டராகக் குறைத்தால், வளையாமல் தாங்கும் வலு பாதிக்கும் கீழே போய்விடும். கம்பி வளைக்கும் தொழிலாளியைக் கேளுங்கள், சொல்வார்.

வெறும் டைட்டானியத்தைவிட வலுவான உலோகக் கலவையாலும் மெல்லிய ஆணிகளைச் செய்கிறார்கள். டைட்டானியத்தோடு ஜிர்கோனியம் என்ற உலோகத்தைச் சேர்த்த கலவை அது. அப்படியும், மேல் வரிசையில் ஓரத்து முன்பல், கீழ் வரிசை முன்பற்கள் போன்ற சிறிய பற்களுக்குத்தான் மிக மெல்லிய ஆணி பொருத்தம். கடைவாயில் விழும் பாரம் அதிகம். அங்கே ஒற்றையாக மெல்லிய ஆணியை நிறுத்துவது ஆபத்து. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆணி உடைந்து எலும்புக்குள்ளேயே நின்றுவிட்டால், எடுப்பது பெரிய வேலை.

பாட்டிக்குப் பிரஸ் பட்டன்

ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வயது எழுபதுக்கு மேல். வாயில் ஒரு பல்கூட இல்லை. கீழ்ச் செட்டு ஆடுகிறது. பெரிய ஆபரேஷனுக்கு உடம்பு இடம் கொடுக்காது. பாட்டிக்கும் அதில் விருப்பம் இல்லை.

இவருக்கு வரிசையாகப் பல் பதிக்க வேண்டியதில்லை. செட்டு ஆடாமல் நின்றால் போதும்!

அதற்கு "மினி" ஆணிகள் இருக்கின்றன. கனம் 3 மில்லி மீட்டருக்கும் குறைவு. சில 2 மில்லி மீட்டர்கூட இல்லை, தீக்குச்சி அளவுதான்! தலையில் ஒரு சிறு உருண்டை. கீழ்த் தாடையின் முன்பகுதியில் சாதாரணமாக நான்கு ஆணிகளை ஏற்றுவார்கள். அங்கே எலும்பு உறுதியானது; அந்த நரம்பின் தொல்லையும் குறைவு. செட்டின் அடியில் ரப்பர் வளையங்களை வைத்துவிடுவார்கள். ரவிக்கையில் பிரஸ் பட்டன் போடுவதுபோல், செட்டு "டக்" என்று உருண்டையில் மாட்டிக்கொள்ளும். படுக்கும்போது கழற்றலாம். கழுவலாம். பழைய செட்டு நன்றாக இருந்தால், சில சமயம் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

கொஞ்சம் பெரிய ஆணிக்கு இடம் இருந்தால் இரண்டே போதும். 2002-ம் ஆண்டில், கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு, இரண்டு ஆணிகளில் மாட்டும் செட்டைத்தான் முதலில் கருதவேண்டும், வெறும் செட்டை அல்ல என்று அவர்கள் சொன்னார்கள்.

நம் குடும்பங்களில் வயதானவர்களுக்கு இதுவே பெரும்பாலும் பொருந்தும் வழி என்பது இதை எழுதுபவரின் எண்ணம். முப்பத்திரண்டு பல்லும் வேண்டும் என்று எந்தப் பாட்டியும் கேட்பதில்லை. தோசையை மென்று தின்னவேண்டும். பேசும்போது செட்டு எழும்பக் கூடாது. கேட்பது அவ்வளவுதான்.

வரப்புக்கு மண் அணைப்பது

வயதில் சிறியவர், முன்பல் போய்விட்டது, வரப்பு 3 மில்லி மீட்டர்தான் என்றால் என்ன செய்வது? அப்போது எலும்பை வளர்க்கவேண்டும்.

ஈறைத் திறக்கிறார்கள். மெலிந்த இடத்தில் எலும்புப் பொடியை அணைக்கிறார்கள். செடிக்கு மண் அணைப்பதுபோல! அந்தப் பொடி அப்படியே எலும்பாகிவிடாது. அது ஒரு சாரம் மாதிரி. கட்டடத்துக்குச் சாரம் கட்டினால் கொத்தனார் ஏறி வேலை செய்வதுபோல், உடம்பின் எலும்புச் செல்கள் அதில் ஏறிப் புது எலும்பைக் கட்டுகின்றன.

இதில் ஒரு போட்டி உண்டு. ஈறின் சதை வேகமாக வளரும். எலும்பு மெதுவாக வளரும். விட்டால், களை பயிரை அமுக்குவதுபோல் சதை உள்ளே புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பொடியின் மேல் மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்தி மூடுகிறார்கள். அது வேலி. வேலிக்குள் எலும்பு நிதானமாக வளரலாம்.

சுமார் ஆறு மாதம் காத்திருக்கவேண்டும். சில சமயம் கூடுதலாகவும் ஆகும். குறை சிறியதாக இருந்தால், அன்றைக்கே ஆணியையும் வைத்துப் பொடியையும் அணைத்துவிடுவது உண்டு.

மிகவும் மெலிந்திருந்தால், நோயாளியின் முகவாயிலிருந்தோ, ஞானப்பல்லுக்குப் பின்புறத்திலிருந்தோ ஒரு துண்டு எலும்பை எடுத்து, மெலிந்த இடத்தில் வைத்து ஆணியால் இறுக்குகிறார்கள். சொந்த எலும்பு. நல்ல சரக்கு. ஆனால் இரண்டு இடத்தில் காயம். இரண்டு இடத்தில் வீக்கம். முகவாயில் எடுத்தால், கீழ் முன்பற்களில் சில காலம் உணர்ச்சி குறையலாம்.

தோல்வியும் உண்டு. தையல் பிரிந்து சவ்வு வெளியே தெரிந்துவிட்டால், கிருமி புகுந்து அணைத்த எலும்பு வீணாகலாம். இதை முன்கூட்டியே சொல்லும் டாக்டர் நல்ல டாக்டர்.

பொடி எதிலிருந்து வருகிறது?

நம் ஊரில் பலர் கேட்கத் தயங்கும் கேள்வி இது. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி.

உலகில் அதிகமாகப் பயன்படும் எலும்புப் பொடிகளில் ஒன்று மாட்டு எலும்பிலிருந்து செய்யப்படுவது. உயிர்ப் பொருள் முழுவதையும் நீக்கி, சுண்ணாம்புச் சத்துள்ள கூட்டை மட்டும் எடுக்கிறார்கள். போர்த்தும் சவ்வு பலவும் பன்றி அல்லது மாட்டின் தோல், தசைநாண் போன்றவற்றிலிருந்து வருகின்றன. இறந்த மனிதர்கள் தானம் செய்த எலும்பிலிருந்து செய்த பொடியும் உண்டு.

சிலருக்கு இதில் ஒன்றும் இல்லை. சிலருக்கு மனமோ மதமோ இடம் கொடுக்காது. அவர்கள் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடலாம். கால்சியம் பாஸ்பேட் போன்ற ரசாயனத்தால் செய்த பொடிகள் இருக்கின்றன. சொந்த எலும்பு இருக்கிறது. செயற்கைச் சவ்வுகளும் இருக்கின்றன. ஆபரேஷன் முடிந்து பில்லைப் படிக்கும்போது தெரிந்து மனம் வருந்துவதைவிட, முன்னால் கேட்பது எவ்வளவோ மேல்.

ஆப்பு வைத்துப் பிளப்பது

இன்னொரு முறை கேட்டால் உடம்பு சிலிர்க்கும். வரப்பை நீளவாக்கில் பிளந்துவிடுகிறார்கள்!

மூங்கிலைக் கத்தியால் கீறி ஆப்பு வைத்தால், இரண்டு பக்கமும் விலகி நடுவில் இடம் உண்டாகும் அல்லவா? அதேதான். வரப்பின் உச்சியில் மெல்லிய கீறல் போட்டு, சிறு உளிகளால் மெதுவாக விலக்குகிறார்கள். நடுவில் உண்டான இடைவெளியில் ஆணியோ, எலும்புப் பொடியோ, இரண்டுமோ வைக்கிறார்கள்.

இதற்கும் கணக்கு உண்டு. அகலம் குறைந்தது 3 மில்லி மீட்டராவது வேண்டும். இரண்டு கெட்டிச் சுவர்களுக்கு நடுவே பஞ்சுபோன்ற எலும்பு இருக்கவேண்டும். அது இல்லாமல் ஒரே கெட்டியாக இருந்தால் பிளக்காது, உடையும். மேல் தாடை எலும்பு மிருதுவானது, வளைந்து கொடுக்கும். கீழ்த் தாடை முரட்டு எலும்பு. அங்கே வெளிச்சுவர் முறிந்துவிடும் பயம் உண்டு. கை பழகிய டாக்டரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டிய வேலை.

கத்தி முனை வரப்புக்குச் சில சமயம் நேர் எதிரான வேலை செய்வார்கள். வளர்ப்பதில்லை, உச்சியைச் சீவிவிடுகிறார்கள்! வரப்பு உச்சியில் ஒடுக்கம், அடியில் அகலம். உச்சியைச் சீவினால் அகலமான தரை கிடைக்கும். எல்லாப் பற்களும் இல்லாதவருக்கு, உயரம் தாராளமாக இருந்தால் இது நடக்கும்.

ஆணியே வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே தொப்பி போட்டிருந்தால், இரண்டுக்கும் நடுவே பாலம்போல் பல் கட்டிவிடலாம். பத்து மாத வைத்தியமும் இல்லை.

சர்க்கரை, புகையிலை, மாத்திரை

சர்க்கரை நோய் கட்டுப்படாமல் இருந்தால் காயம் ஆற நாளாகும். எலும்பு கவ்வுவதும் தாமதமாகும். கட்டுப்பாட்டில் இருந்தால், சர்க்கரை நோயாளியும் செய்துகொள்ளலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆணி தோற்பது அதிகம். எலும்பு அணைக்கும் வேலை அதைவிடவும் அதிகமாகக் கெடும். பாக்கும் புகையிலையும் மென்று மென்று, வாய் திறக்க முடியாமல் இறுகிப்போனவர்களுக்கு, கருவியை உள்ளே கொண்டுபோவதே கஷ்டம்.

எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொள்கிறவர்கள் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். அவற்றில் சில மருந்துகள், ஆபரேஷனுக்குப் பிறகு தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்தை உண்டாக்குகின்றன. அது அபூர்வம். ஆனால் வந்தால் கொடுமை. மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

பல் பிடுங்கும் நாள்

இத்தனை கஷ்டமும் யாருக்கு? எலும்பு மெலிந்த பிறகு வருகிறவர்களுக்கு. மெலியும் முன்பே ஒன்று செய்யலாம்.

பல்லைப் பிடுங்கிய அன்றைக்கே, அந்தக் குழியில் எலும்புப் பொடியை நிரப்பி மூடிவிடலாம். எலும்பு கரைவதை இது முழுவதும் தடுக்காது. ஆனால் குறைக்கும். பிற்பாடு பெரிய ஆபரேஷன் தேவைப்படும் இடத்தில், சாதாரண ஆணியே போதும் என்ற நிலை ஏற்படலாம். சில இடங்களில், பல்லைப் பிடுங்கிய உடனே அந்தக் குழியிலேயே ஆணியை வைப்பதும் உண்டு.

எல்லோருக்கும் இது தேவை இல்லை. ஞானப்பல்லைப் பிடுங்கினால் யாரும் அங்கே பல் கட்டப்போவதில்லை. ஆனால் சைக்கிளில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்ட வாலிபன், கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண் — இவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்கவேண்டும்: "டாக்டர், இந்த இடத்தில் பிறகு பல் பதிக்க எலும்பு நிற்குமா? இன்றைக்கே ஏதாவது செய்யவேண்டுமா?" பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குத் தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், ஆணியை அவசரப்பட்டு வைப்பதில்லை. வளர்ச்சி நிற்கும் வரை கழற்றும் பல்லோ, ஒட்டும் பல்லோ வைத்துச் சமாளிக்கிறார்கள்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. "ஆணி இவ்வளவு" என்று சொல்லும் தொகையில் பெரும்பாலும் ஆணி மட்டும்தான் இருக்கும். ஸ்கேன், எலும்புப் பொடி, சவ்வு, ஆணிக்கு மேல் மாட்டும் பல் எல்லாம் தனித்தனிக் கணக்காக வரலாம். மொத்தம் எவ்வளவு, எத்தனை மாதம், இடையில் தோற்றால் மறு செலவு யாருடையது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால், அந்த ஸ்கேனை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் காட்டலாம். சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற இடங்களிலும் காட்டி யோசனை கேட்கலாம்.

பிரஸ் பட்டன் செட்டு வைத்துக்கொண்ட பாட்டிமார்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆணியின் உருண்டைத் தலையைச் சுற்றித் தினமும் மெதுவான பிரஷ்ஷால் துலக்கவேண்டும். செட்டின் அடியில் உள்ள ரப்பர் வளையம் நாளடைவில் தேயும். செட்டு முன்போல் "டக்" என்று மாட்டாமல் தொளதொளவென்று இருந்தால், வளையத்தை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. டாக்டர் சில நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்.